160 லிட்டர் பழைய ஆயில் வடித்தீர்கள், 100 லிட்டர்தான் வண்டியேறியது: மீதி எங்கே?

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: 2000 மணி நேர சர்வீஸில் வடித்த பழைய ஆயிலை எங்கள் சைட்டிலேயே கொட்டி மூடியது பற்றி

வணக்கம்.

உங்களிடம் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டிருக்கும் 20 டன் எக்ஸ்கவேட்டரின் சொந்தக்காரன் நான். வண்டி நன்றாக ஓடுகிறது, சர்வீஸ் வேலையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வழக்கம்போல "வண்டியில் என்ன பிரச்சினை சார்?" என்று கேட்டு இன்னொரு மெக்கானிக்கை அனுப்பி வைப்பீர்கள். பிரச்சினை வண்டியிலிருந்து வெளியே வந்த ஆயிலில்.

மூன்று வாரத்துக்கு முன், வண்டி ஓடிய மணி நேரத்தைக் காட்டும் ஹவர் மீட்டர் 2000-ஐத் தொட்டதும் உங்கள் ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். அன்று நான் சைட்டில் இல்லை, அது என் தப்பு. சாயங்காலம் வந்து பார்த்தால் வண்டி நின்ற இடத்துக்குப் பின்னால் புதிதாக மண் தள்ளி மூடிய மாதிரி ஒரு மேடு. கம்பியை விட்டுக் கிளறினேன், கருகருவென்று ஆயில். என் ஆப்பரேட்டரைக் கூப்பிட்டுக் கேட்டபோது, கொஞ்சம் தயங்கிவிட்டு அப்புறம் எல்லாவற்றையும் சொன்னார். ஹைட்ராலிக் டேங்கின் டிரெயின் பிளக்கைத் திறக்கும்போது உங்கள் ஆட்களிடம் இருந்தது 20 லிட்டர் பிடிக்கும் ஒரு டிரே. சூடான ஆயில் எவ்வளவு வேகமாகக் கொட்டும் என்று தினமும் அதே வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியாதா? டிரே நிரம்பியது, கேனுக்கு மாற்றினார்கள், அதற்குள் மறுபடி நிரம்பி வழிந்தது, கடைசியில் "பரவாயில்லை, மண் குடித்துவிடும்" என்று பிளக்கை அப்படியே திறந்து விட்டுவிட்டார்களாம்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். உங்கள் பில்லில் உள்ளபடி இன்ஜினுக்கு 23 லிட்டர், ஹைட்ராலிக் டேங்குக்கு 130, செயின் தடங்களை ஓட்டும் இரண்டு ஃபைனல் டிரைவுக்கும் சேர்த்து 9, வண்டியின் மேல்பாகத்தைச் சுழற்றும் ஸ்விங் கியருக்கு 6. மொத்தம் 168 லிட்டர் புது ஆயில் உள்ளே போனது, அப்படியானால் கிட்டத்தட்ட அதே அளவு பழையது வெளியே வந்திருக்க வேண்டும். சரி, இன்ஜின் எரித்தது, ஃபில்டரில் தங்கியது, அங்கே இங்கே சிந்தியது என்று தாராளமாக 8 லிட்டரைக் கழித்துக்கொள்ளுங்கள். 160 லிட்டர். உங்கள் வேனில் ஏறியது 50 லிட்டர் கேன் இரண்டு, அதிலும் ஒன்றுக்கு மூடி கிடையாது. மீதி 60 லிட்டர் எங்கே? இவ்வளவுக்கும் அதே பில்லில் "கழிவு ஆயில் அகற்றும் கட்டணம்" என்று தனியாக ஒரு வரி போட்டு வாங்கியிருக்கிறீர்கள். என்னிடமே காசு வாங்கிக்கொண்டு என் காலடியிலேயே கொட்டிவிட்டுப் போயிருக்கிறீர்கள், இதைப் புகார் என்று சொல்வதா வேடிக்கை என்று சொல்வதா தெரியவில்லை.

மண் எதையும் குடிப்பதில்லை. வெயிலில் மேலே காய்ந்த மாதிரி தெரியும், மழை பெய்தால் கொஞ்சம் கீழே இறங்கும், அடுத்த மழையில் இன்னும் கொஞ்சம், கடைசியில் நிலத்தடி நீரில் போய் நிற்கும். சைட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கிணறு இருக்கிறது. ஒரு லிட்டர் பழைய ஆயில் பத்து லட்சம் லிட்டர் நல்ல தண்ணீரைக் கெடுக்க முடியும் என்று பரவலாகச் சொல்லப்படும் கணக்கை உங்கள் சர்வீஸ் கையேட்டைத் தயாரித்தவர்கள் நிச்சயம் கேள்விப்பட்டிருப்பார்கள். புது ஆயிலாவது எண்ணெயும் அதில் சேர்த்த சில சேர்மங்களும்தான். நூற்றுக்கணக்கான மணி நேரம் ஓடிய இன்ஜின் ஆயிலில் பேரிங்கும் பிஸ்டன் ரிங்கும் தேய்ந்த உலோகத் துகள், தேய்மானத்தைத் தடுக்கச் சேர்த்த துத்தநாகச் சேர்மம், எரிபொருள் எரிந்த கரி, அந்தக் கரியோடு வரும் புற்றுநோய்க் காரணிகள் எல்லாம் கலந்திருக்கும். பழைய இன்ஜின் ஆயிலை எலிகளின் தோலில் தொடர்ந்து தடவிய ஆய்வகச் சோதனைகளில் தோல் புற்றுநோய் வந்திருக்கிறது, ஆயில் விற்கும் நிறுவனங்களே தங்கள் பாதுகாப்புத் தாளில் இதை அச்சடித்துத் தருகின்றன. உங்கள் ஹெல்ப்பர் பையன் அன்று கையுறைகூட இல்லாமல் முழங்கை வரை நனைந்திருந்தான் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை.

இன்னொன்று. பார்ட்ஸ் கழுவிய டீசலையும் பிரேக் கிளீனரையும் அதே கேனில்தான் ஊற்றினார்களாம். இது சின்ன விஷயம் இல்லை. ஆயில் என்பது தேய்ந்து தீர்ந்துபோகும் பொருள் இல்லை, அழுக்காகிறது, அவ்வளவுதான். தண்ணீரையும் டீசலையும் கொதிக்கவைத்துப் பிரித்து, வெற்றிடத்தில் காய்ச்சி வடித்து, ஹைட்ரஜனால் சுத்தம் செய்தால் மறுபடி நல்ல அடிப்படை எண்ணெய் கிடைத்துவிடும். ஒரு பீப்பாய், அதாவது 159 லிட்டர் கச்சா எண்ணெயிலிருந்து கிடைக்கும் சுமார் 2.4 லிட்டர் மசகு எண்ணெயை, 4 லிட்டருக்கும் குறைவான பழைய ஆயிலிலிருந்தே எடுத்துவிடலாம் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை கணக்குச் சொல்கிறது. ஆனால் சில பிரேக் கிளீனர்களில் இருப்பது போன்ற குளோரின் உள்ள கரைப்பான் கலந்துவிட்டால் சுத்திகரிப்பவர் அந்தக் கேனைத் தொடமாட்டார், மொத்தமும் அபாயகரமான கழிவாகிவிடும். ஆக, நீங்கள் எடுத்துப்போன 100 லிட்டராவது உருப்படியாகப் போய்ச் சேர்ந்ததா என்பதே சந்தேகம்தான்.

சைட்டுக்குள் வரும் பாதையில் கொஞ்சம் ஊற்றினால் புழுதி அடங்கும் என்றும் உங்கள் மெக்கானிக் என் ஆப்பரேட்டரிடம் யோசனை சொல்லியிருக்கிறார். நல்லவேளை, அவர் வேண்டாம் என்றுவிட்டார். 1970களில் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் டைம்ஸ் பீச் என்ற ஊரில் இதே யோசனையைத்தான் செய்தார்கள். புழுதிக்காகத் தெருவில் தெளித்த கழிவு ஆயிலில் ஒரு ரசாயன ஆலையின் டையாக்சின் என்ற கொடிய நச்சுக் கழிவு கலந்திருந்தது. அது தெரியவந்த பிறகு, 1983-இல் அரசாங்கம் முழு ஊரையும் விலைக்கு வாங்கி மக்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று. உங்கள் கேனில் டையாக்சின் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. கேனுக்குள் என்னென்ன இருக்கிறது என்று உங்களுக்கே தெரியாது என்கிறேன்.

நானும் யோக்கியன் இல்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன். பல வருடம், கான்கிரீட் ஒட்டாமலிருக்க சென்ட்ரிங் பலகைக்கு அடிக்க வண்டியின் பழைய ஆயிலைத்தான் கொடுத்துவந்தேன், கேட்டு வருபவர்களுக்கு "எடுத்துக்கோ" என்று சும்மாவும் கொடுத்திருக்கிறேன். பலகையைப் பிரித்தால் கான்கிரீட் முழுக்கக் கறை, மேலே பூச்சு ஒட்டாது, தடவியவன் கையெல்லாம் கறுப்பு. பிறகுதான் விட்டேன். உங்களோடு ஒப்பந்தம் போட்டதற்கு ஒரு காரணமே, அகற்றும் பொறுப்பு உங்களுடையது என்று அதில் எழுதியிருந்ததுதான்.

இதற்குள் விஷயம் மேலே போய்விட்டது. பிரதான ஒப்பந்ததாரரின் பாதுகாப்பு அதிகாரி கறையைப் பார்த்துவிட்டு எனக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டார், கறுப்பு மண் முழுவதையும் தோண்டி எடுக்கச் சொன்னார். உங்கள் ஆயிலை அள்ள என் வண்டியே அரை நாள் வேலை செய்தது. அந்த மண்ணை வேறு குழியில் போட்டு நிரப்பவும் முடியாது, சாதாரணக் குப்பையில் சேர்க்கவும் முடியாது, பிளாஸ்டிக் ஷீட் விரித்துக் குவித்து மேலேயும் ஒரு ஷீட் போட்டு மூடி வைத்திருக்கிறேன். அதில் உங்கள் ஆட்கள் வீசிவிட்டுப்போன ஃபில்டர் நான்கும் கிடைத்தது. ஃபில்டரைக் கழற்றியதும் ஓட்டை போட்டு, சூடு ஆறுவதற்குள் தொங்கவிட்டு 12 மணி நேரம் வடியவிட வேண்டும், அதன் பிறகே பழைய இரும்புக்குப் போடலாம். இவற்றைக் கையில் எடுத்ததும் ஆயில் ஒழுகியது.

உங்கள் கிளை மேலாளருக்கு இரண்டு தடவை போன் செய்தேன். முதல் தடவை "விசாரிக்கிறேன்" என்றார். இரண்டாவது தடவை "எல்லா இடத்திலும் இப்படித்தான் சார் நடக்கிறது" என்றார். அதனால்தான் எழுத்தில் கேட்கிறேன்.

வேனில் ஏற்றிய 100 லிட்டரை யாரிடம் கொடுத்தீர்கள், அவர்கள் பழைய ஆயிலை வாங்க அனுமதி பெற்றவர்கள்தானா, எந்தத் தேதியில் எவ்வளவு கொடுத்தீர்கள் என்ற ரசீதின் நகல் எனக்கு வேண்டும். செங்கல் சூளைக்கோ அடுப்புக்கோ எரிக்கப் போயிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். கறுப்பு மண்ணையும் ஃபில்டர்களையும் உங்கள் செலவில் முறையாக எடுத்துச் செல்ல வேண்டும், அகற்றும் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும், என் வண்டியின் அரை நாள் வாடகையையும்தான். பிளாஸ்டிக் ஷீட் ஒரு மழை தாங்கும், இரண்டாவது மழைக்கு நான் உத்தரவாதம் தரமாட்டேன், ஆகவே மண்ணை இந்த வாரமே எடுங்கள்.

அடுத்த இன்ஜின் ஆயில் மாற்றம் 2500 மணியில், எப்படியும் ஒன்றரை மாதத்தில் வந்துவிடும். அதற்கு உங்கள் ஆட்கள் வருவதாக இருந்தால் டிரெயின் ஹோஸோ உறிஞ்சு பம்போ கொண்டு வந்து நேராக மூடியுள்ள பேரலுக்கே எடுக்கட்டும், சிந்தினால் போட மரத்தூள் கொண்டு வரட்டும், கரைப்பானுக்குத் தனிக் கேன் வைத்துக்கொள்ளட்டும். எத்தனை லிட்டர் வெளியே வந்தது என்று எழுதி என் ஆப்பரேட்டரிடம் கையெழுத்து வாங்காமல் வேன் கேட்டைத் தாண்டாது, காவலாளியிடம் சொல்லிவைத்துவிட்டேன். 15 நாளில் பதில் வராவிட்டால் இந்தக் கடிதமும், தோண்டிய குழியின் படங்களும், உங்கள் பில்லும் மாசு கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் போகும்.

இப்படிக்கு,
உங்கள் பராமரிப்பு ஒப்பந்த வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், குழியின் படங்கள் ஆறு, பாதுகாப்பு அதிகாரியின் நோட்டீஸ்