‘சற்றே’ என்ற சொல் குறித்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரிசர்வ் வங்கியின் வட்டி உயர்வு விலைவாசியைக் கட்டுக்குள் கொண்டுவந்ததைப் பாராட்டி அண்மையில் தாங்கள் எழுதிய தலையங்கத்தில், ‘கடன் வாங்கியவர்கள் சற்றே பொறுத்துக்கொண்டார்கள், பலனை எல்லோரும் அனுபவிக்கிறோம்’ என்றொரு வரி இருந்தது. முப்பது ஆண்டுகள் வணிகவியல் கற்பித்தவன் நான். அந்தச் ‘சற்றே’ இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது.

வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதம், 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்து, 2023 பிப்ரவரியில் 6.50 ஆனது. என் மகன் 2021 தொடக்கத்தில் செம்மண்டலத்தில் வீடு வாங்க, அந்த விகிதத்துக்கேற்ப மாறும் வட்டியில், அன்றைய 7 சதவீதத்துக்கு, 20 ஆண்டுகளில் அடைப்பதாக 20 லட்சம் ரூபாய் கடன் பெற்றான். கூடக் கையெழுத்திட்டவன் நான். மாதத் தவணை 15,506 ரூபாய். வட்டி ஏறியும் தவணை ஏறவில்லையே என்று வங்கியின் பெருந்தன்மையை வீட்டில் மெச்சிக்கொண்டிருந்தோம். 2023 கோடையில் கணக்கு அறிக்கையை வாங்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: வட்டி ஒன்பதரை சதவீதமாகி, கட்டும் தொகையில் 15,000 ரூபாய்க்கு மேல் வட்டிக்கே போய்விட, அசலில் மாதம் ஐந்நூறு ரூபாய்கூடக் கழியவில்லை. மீதமிருக்க வேண்டிய 212 தவணைகள் 400-ஐத் தாண்டியிருந்தன. 2041-இல் முடிய வேண்டிய கடன், அவன் பணி ஓய்வுக்குப் பிறகும் அவனைத் தொடர இருந்தது. ‘குறுஞ்செய்தி வந்திருக்குமே, சார்’ என்றார் கவுன்ட்டரில் இருந்தவர். தவணையை 18,700 ரூபாயாக உயர்த்தச் சொல்லி அன்றே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். தங்கள் ‘சற்றே’யின் மாத மதிப்பு 3,194 ரூபாய்.

வட்டி உயர்ந்தால் வீடும் வண்டியும் வாங்குவோர் தயங்குவர், தேவை தணியும், விலையேற்றம் மட்டுப்படும் என்பது நானே வகுப்பில் நடத்திய பாடம்தான். ஆயினும், அத்தனை உயர்வுகளும் முடிந்து ஐந்து மாதங்கள் கழித்து, 2023 ஜூலையில், சில்லறைப் பணவீக்கம் 7.44 சதவீதத்தைத் தொட்டது எதனால் என்பது தாங்கள் அறியாததன்று. திருப்பாதிரிப்புலியூரில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டிய நாட்கள் அவை. பணவீக்கத்தைக் கணக்கிடும் அன்றைய விலைக் குறியீட்டில் உணவின் பங்கு ஏறத்தாழ 46 சதவீதம். தக்காளியை யாரும் தவணையில் வாங்குவதில்லை, ஐயா. மூன்று காலாண்டுகள் தொடர்ந்து பணவீக்கத்துக்கான 6 சதவீத உச்ச வரம்பு மீறப்பட்டதற்கு, ரிசர்வ் வங்கியே 2022 நவம்பரில் மத்திய அரசுக்கு விளக்கக் கடிதம் எழுத நேர்ந்ததையும் தலையங்கம் ஏனோ மறந்துவிட்டது.

இந்த மறதி புதிதன்று. 2010 மார்ச் முதல் 2011 அக்டோபர் வரை 13 முறை வட்டி உயர்த்தப்பட்டது. அந்த டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் அடித்து, பண்ருட்டிக்கு அருகே என் மைத்துனரின் முந்திரித் தோப்பு வேரோடு சாய்ந்தது. உச்சத்திலிருந்த அந்த வட்டிக்கு நகையை அடகு வைத்துத்தான் அவர் மறுபடி கன்று நட்டார். புயலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய தங்கள் பத்திரிகை, அந்த வட்டியைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. அப்போதும் நான் கடிதம் எழுதினேன், வெளிவரவில்லை. சேமிப்பவருக்கு நன்மை என்பதும் வைப்புத்தொகை வைத்திருப்பவருக்குத்தான்; ஓய்வூதியம் வந்து விழும் என் சேமிப்புக் கணக்கில் 2022-23 உயர்வுகளால் கால் சதவீதம்கூட ஏறவில்லை.

நான் கேட்பது சிறிய உதவிதான். மாறும் வட்டிக் கடனில் வட்டி மாறும்போது, தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டிப்பதா என்பதைக் கடன்தாரர் தேர்ந்தெடுக்கலாம் என்றும், மீதத் தவணைகளின் எண்ணிக்கையோடு காலாண்டுக்கு ஒருமுறை அறிக்கை தரவேண்டும் என்றும் 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது. அதைத் தலையங்கப் பக்கத்தில் ஒரு கட்டத்துக்குள், படிக்கக்கூடிய எழுத்தளவில், ஒரு முறையேனும் வெளியிடுங்கள்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.