உள்ளே விட்ட பஞ்சை டயக்னோசிஸ் கார்டில் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சத்திரசிகிச்சையில் இரத்தக்கசிவை நிறுத்த உடம்புக்குள்ளேயே விடப்படும் கரையும் பஞ்சு (ஜெலட்டின்), கரையும் துணி (செலுலோஸ்) பற்றி நோயாளர் பலருக்குத் தெரியாது. வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் டயக்னோசிஸ் கார்டிலும் பல வேளை அது எழுதப்படுவதில்லை. கட்டாயம் எழுதப்பட வேண்டும்.

பீறிட்டுப் பாயும் நாளத்துக்கு இவை உதவா. அதைக் கட்டியோ தைத்தோதான் நிறுத்த வேண்டும். ஈரல் போன்ற இடங்களில் ஊறி ஊறிக் கசியும் இரத்தத்துக்கே இவை. ஜெலட்டின் பஞ்சை உலர்வாகவும் வைக்கலாம். சேலைனில் தோய்ப்பதானால் விரலால் பிழிந்து உள்ளிருக்கும் காற்றுக் குமிழிகளைப் போக்கி, மறுபடி தோய்த்து வைக்க வேண்டும். மேலே கோஸ் துணியால் சில நிமிடம் அழுத்திய பின், கோஸை நனைத்து மெல்ல எடுக்க வேண்டும். காய்ந்தபடி இழுத்தால் பஞ்சும் உறைந்த இரத்தமும் சேர்ந்தே வந்துவிடும், கசிவு திரும்பத் தொடங்கும். செலுலோஸ் துணியை உலர்வாகத்தான் வைக்க வேண்டும். இரத்தம் பட்டதும் கறுத்துக் களியாகும். அதன் அமிலம், இரத்தத்தை உறையச் செய்யும் த்ரொம்பின் என்ற மருந்தைச் செயலிழக்கச் செய்வதால் செலுலோஸோடு த்ரொம்பினைச் சேர்க்கக் கூடாது.

செலுலோஸ் கரைய 1-2 வாரம், ஜெலட்டினுக்கு 4-6 வாரம். கூடுதலாக வைத்தால் இன்னும் இழுபடும். முள்ளந்தண்டு, கண் நரம்பு போன்ற எலும்பு சூழ்ந்த இடங்களில் இவை ஊதி நரம்பை நசுக்கும் என்பதால், கசிவு நின்றதும் எடுத்துவிட வேண்டும்.

கல்முனையில் சத்திரசிகிச்சை செய்த ஒருவர் மூன்றாம் வாரம் காய்ச்சலோடு மட்டக்களப்பில் சீ.ரீ. ஸ்கேன் எடுக்கிறார் என்று வையுங்கள். பஞ்சு இருந்த இடத்தில் காற்றுக் குமிழிகளோடு ஒரு திரள், பார்வைக்குச் சீழ்க்கட்டியேதான். குறிப்பு இல்லாவிட்டால் வயிற்றை மறுபடி திறக்கும் வரை போகலாம். குறிப்பு இருப்பதால் சீழ் இல்லை என்று ஆகிவிடாது. ஆனால் படத்தைப் பார்ப்பவர் இரண்டையும் யோசிப்பார்.

இன்னொன்று. ஜெலட்டின் பஞ்சு பெரும்பாலும் பன்றித் தோலிலிருந்தும், இதே வேலைக்குப் பயன்படும் கொலாஜன் பெரும்பாலும் மாட்டிலிருந்தும் எடுக்கப்படுகிறது. செலுலோஸ் தாவரப் பொருள். முஸ்லிம்களும் இந்துக்களும் அடுத்தடுத்த ஊர்களில் வாழும் எங்கள் பகுதியில், திட்டமிட்ட சத்திரசிகிச்சை என்றால் சம்மதப் படிவத்தில் கையொப்பம் வாங்கும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும்.

கார்டில் ஒரு வரி போதும்: பொருளின் பெயர், வைத்த இடம், எத்தனை துண்டு, திகதி, உள்ளேயே விடப்பட்டதா எடுக்கப்பட்டதா.

இப்படிக்கு,
சத்திரசிகிச்சைக்கூடத் தாதியர் இருவர்,
கல்முனை.