கார்டு மட்டும் போதாது, ஸ்லைடும் எடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

அரசு சுகாதார நிலையங்களில் லேப் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அம்மாப்பேட்டையில் எங்கள் தெருவில் தங்கிக் கட்டட வேலை பார்க்கும் ஒடிசா பையனுக்கு, ஊருக்குப் போய் வந்ததும் குளிர்க்காய்ச்சல். ஒரு சொட்டு ரத்தம் விட்டால் கோடு விழுந்து காட்டும் கார்டு டெஸ்டில், ஃபால்சிபாரம் என்ற வகை மலேரியா என்று தெரிந்தது. மாத்திரை சாப்பிட்டுத் தேறிவிட்டான். இரண்டு வாரத்தில் சளியோடு மறுபடி காய்ச்சல். தனியார் லேப் ஒன்றில் அதே கார்டைப் போட்டார்கள், கோடு விழுந்தது, திரும்பவும் மலேரியா மருந்து. நான் வற்புறுத்தியதால் அரசு மருத்துவமனையில் ஸ்லைடு எடுத்து, அதாவது ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி, மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார்கள். ரத்தத்தில் கிருமியே இல்லை.

கிருமி செத்த பிறகும் அதன் புரதம் சில வாரம் ரத்தத்தில் தங்கும். கார்டு பிடிப்பது அந்தப் புரதத்தைத்தான். கிருமி குறைவாக இருந்தால் கோடு விழாமலும் போகும்.

மைக்ரோஸ்கோப்பில் கிருமியையே பார்க்கலாம். வைவாக்ஸ் என்ற இன்னொரு வகை என்றால், அது புகுந்த சிவப்பணு பருத்து, உள்ளே பொடிப் புள்ளிகள் தெரியும். ஃபால்சிபாரம் மெல்லிய மோதிரம். ஒரே அணுவில் இரண்டுகூட இருக்கும். நாள்பட்டால் வாழைப்பழ வடிவம் வரும். கொசு உறிஞ்சி அடுத்தவருக்குக் கொண்டுபோவது அதிலிருந்துதான். வைவாக்ஸ் கல்லீரலில் பதுங்கி, மாதக்கணக்கில் கழித்தும் திரும்பும். அதற்குத்தான் 14 நாள் பிரைமாகுவின் மாத்திரை. எந்தக் கிருமி என்று தெரியாமல் எப்படி மருந்து கொடுப்பது?

ஸ்லைடில் ரத்தத்தைக் கனமாகத் தடவி, தடித்த தடவல் எடுத்ததும், ஈரம் காய்வதற்குள் ஸ்லைடை ஒரு நாளிதழ் மேல் வைக்கச் சொல்லித் தருவார்கள். அச்செழுத்து மங்கலாகப் படிக்க வந்தால் கனம் சரி. எறும்பும் ஈயும் மொய்க்காமல் காயவைத்து, சாயமேற்றி, எண்ணெய் லென்ஸில் குறைந்தது 100 இடம் பார்த்த பிறகுதான் 'இல்லை' என்று எழுத வேண்டும். நேரம் பிடிக்கிற வேலைதான். ஆனாலும் செய்தாக வேண்டும்.

மேட்டூர்த் தண்ணீரைப் பிடித்து வைக்கும் மூடாத தொட்டிகளும் கிணறுகளும் நம் ஊரில் ஏராளம். மலேரியா பரப்பும் அனாபிலிஸ் கொசு முட்டையிட அது போதும். ஆகவே மழை தொடங்குமுன், முதல் மாத்திரைக்கு முன்பே கார்டோடு ஒரு ஸ்லைடும் எடுக்கும்படி தனியார் லேப்களுக்கு மாவட்ட சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும். சுகாதார நிலையங்களில் டெக்னீஷியன் பணியிடம் எங்கெல்லாம் காலியோ, அங்கெல்லாம் உடனே ஆள் போட வேண்டும்.

— ஓய்வு பெற்ற லேப் டெக்னீஷியன்,
அம்மாப்பேட்டை, சேலம்.