ரஷ்யாவுக்குப் போக நிற்கும் மருமகனுக்கு

அன்புள்ள மருமகனுக்கு,

நீ ரஷ்யாவுக்குப் போகக் கையெழுத்து வைக்கப் போகிறாய் என்று அக்கா அழுதுகொண்டு சொன்னாள். இராணுவ முகாமில் சமையல் உதவியாள் வேலையாம், மாதம் ஆறு இலட்சமாம். உன் கூட்டாளிகளும் யோசிக்கிறார்களாம். அதனால்தான் போனில் பேசாமல் எல்லோரும் பார்க்க எழுதுகிறேன், கோபிக்காதே.

நிலாவெளிப் பாதையில் வெள்ளைக்காரரின் போர்க் கல்லறை இருக்கிறதே, உல்லாசப் பயணிகளை இறக்கிவிட்டு ஓட்டோவுக்குள்ளேயே போன் பார்த்துக்கொண்டு இருப்பாய். ஒருக்கால் உள்ளே போய்க் கல்லில் இருக்கும் வயதுகளை மட்டும் வாசி. உன் வயதுப் பெடியன்கள்தான்.

அவர்களை இங்கே கொண்டுவந்தது நம்முடைய திருகோணமலைத் துறைமுகம். இதற்காக அடிபடாதவன் யார்? 1782இல் மட்டும் ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்தார்கள், ஆகஸ்டில் அவர்களிடமிருந்து பிரெஞ்சுக்காரர் பிடித்தார்கள். அமெரிக்காவில் மூண்ட சண்டையின் நெருப்பு அது, திருகோணமலை மட்டும் வந்து பற்றியது. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பான்காரன் குண்டு போட்டான். அவனுடைய விமானம் ஒன்று சீனக்குடா எண்ணெய்க் குதத்தில் போய் விழுந்து, ஒரு கிழமை எரிந்ததாம்.

அரசுகளுக்குத் துறைமுகமும் எண்ணெயும் கணக்கு. போகிறவனுக்கு வேறு கணக்கு. என்னோடு படித்தவன் ஒருவன் 1985இல் இயக்கத்துக்குப் போனான். ஈழ வரைபடம் ஒழுங்காகக் கீறத் தெரியாதவன். சந்திச் சோதனைச் சாவடியில் அவன் அப்பாவைச் சாரத்தோடு முழங்காலில் வைத்ததை பஸ் யன்னலால் பார்த்தான், அவ்வளவுதான். பிற்காலத்தில் வீட்டுக்கு ஒருவர் என்று இயக்கமே பிடித்துக்கொண்டு போன பிள்ளைகளும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்யன்.

பதினைந்து வருடம் கழித்து அதே சந்தியில் பொலன்னறுவைப் பக்கத்துச் சிங்களப் பெடியன் ஒருவன் காவலுக்கு நின்றான். என் அடையாள அட்டையைத் திருப்பித் தந்துவிட்டு, வீட்டுக்கு ஓடு போட இன்னும் எத்தனை மாதச் சம்பளம் வேண்டும் என்று விரல் மடித்துக் காட்டினான். ஐந்து விரல். அடுத்த மாதம் அந்த இடத்தில் வேறொருவன் நின்றான். விசாரிக்க எனக்குப் பயம்.

உன் காரணமும் தெரியும்: ஓட்டோ லீசிங். அதைக் குறைவாகச் சொல்லமாட்டேன், மூன்று தவணை முட்டினால் எந்த ஆம்பிளைக்கும் தலை சுற்றும். ஆனால் 2024இல் செய்தி பார்த்தாய்தானே? நம் நாட்டு முன்னாள் இராணுவத்தினரை இப்படித்தான் உதவியாள் வேலை என்று கூட்டிப்போய் முன்னரங்கில் விட்டார்கள். பலர் உக்ரைன் மண்ணிலேயே செத்தார்கள். துவக்குப் பிடித்துப் பழகியவர்களுக்கே அந்தக் கதி.

அந்த ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஏஜென்சிக்காரனிடம் கேட்டாயா? ரஷ்ய மொழியில் நாலு பக்கமாம். உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

சரி, ஞாயிறு பின்னேரம் வீட்டுக்கு வா. பாஸ்போட்டையும் லீசிங் புத்தகத்தையும் கொண்டுவா. மாமி நண்டு வாங்கி வைப்பாள். திங்கள் காலை கொம்பனிக்கு இரண்டு பேருமாகப் போய்த் தவணையைப் பற்றிக் கதைப்போம்.

மாமா