மோட்டாரைப் போடுவதற்கு முன்

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வரன் அமைந்த செய்தியைப் படித்து வீட்டில் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். அம்மா இப்போதே புடவை எடுக்கக் கிளம்பிவிட்டார்.

அப்புறம், போர்வெல்லில் தண்ணீர் இறங்கிவிட்டது, இன்னொரு போர் போடலாமா என்று கேட்டிருந்தாய். கொஞ்சம் பொறு. போன வருஷம் நானும் இதே யோசனையில்தான் இருந்தேன்.

நம் பக்கத்துப் பழக்கம் உனக்குத் தெரியும். மும்முனை கரண்ட் வந்தால் மோட்டார் ஓடும், போனால் நிற்கும். கரண்டுக்குக் காசு கிடையாது என்பதால் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. மானியத்தில் சொட்டுநீர் போட்ட பிறகும் தினம் இரண்டு மணி நேரம் விட்டுக்கொண்டுதான் இருந்தேன். வேருக்குப் போதுமா, போதாதா என்பது சொட்டுநீர்க் குழாய்க்கு எப்படித் தெரியும்?

அதற்காகத்தான் மண்ணின் ஈரத்தைக் காட்டும் டென்சியோமீட்டர் இரண்டு வாங்கி வாழைக்குள் நட்டேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. தண்ணீர் நிரப்பிய குழாய், அடியில் பீங்கான் முனை, மேலே ஒரு மீட்டர். மண் காயக் காய முனை வழியாகத் தண்ணீரை இழுக்கும், முள் ஏறும். வேர் எவ்வளவு சிரமப்பட்டு உறிஞ்சுகிறதோ அதைத்தான் சென்டிபார் என்ற அளவில் அந்த முள் காட்டுகிறது. ஒன்றை ஒரு அடியிலும் மற்றதை இரண்டு அடியிலும் வைத்தேன். வாழையின் வேர் பெரும்பாலும் மேல் ஒன்றரை அடிக்குள்தான். ஆனால் தண்ணீர் விட்ட மறுநாள் பார்த்தால் இரண்டடி மீட்டரின் முள் 8க்கு இறங்கி நிற்கிறது! வேரைத் தாண்டிப் போன தண்ணீர் அது. கூடவே நான் காசு கொடுத்துக் கரைத்துவிட்ட யூரியாவும் போயிருக்கிறது. அன்று எனக்கு மனசே சரியில்லை.

இப்போது என் செம்மண்ணில் மேல் மீட்டர் 25ஐத் தொட்டால்தான் வால்வைத் திறக்கிறேன். கரிசலுக்கு இன்னும் ஏறவிடலாம். முக்கால் மணி நேரத்தில் நிறுத்திவிடுகிறேன். மழைக்குப் பிறகு ஐந்தாறு நாள் மோட்டார் பக்கமே போவதில்லை. குலையில் ஒரு குறையும் இல்லை.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. சித்திரையில் நான்கு நாள் ஊரில் இல்லை. திரும்பி வந்து பார்த்தால் முள் பூஜ்யத்தில் இருந்தது. ஈரம் இருக்கிறது என்று நம்பி மேலும் இரண்டு நாள் விட்டுவிட்டேன், இலையெல்லாம் மடிந்து தொங்கிவிட்டது. மண் அளவுக்கு மீறிக் காய்ந்தால், 80ஐத் தாண்டும்போது குழாய்க்குள் காற்று புகுந்து முள் பூஜ்யத்துக்கே விழுந்துவிடுமாம். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை ஊற்றிக் காற்றை வெளியேற்றிய பிறகுதான் சரியானது. முள்ளை மட்டும் நம்பாதே, ஒரு கைப்பிடி மண்ணையும் உருட்டிப் பார்.

உனக்குத் தக்காளி, முருங்கை என்று துண்டு துண்டாக இருப்பதால் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்கு நிறுவனம் உருவாக்கிய ஈரங்காட்டிதான் வசதி. மண்ணில் குத்தினால் விளக்கு எரியும். நீலம் என்றால் ஈரம் தாராளம், பச்சை போதும், ஆரஞ்சு வந்தால் தயாராகு, சிவப்பு என்றால் உடனே தண்ணீர் விடு. ஒரே கருவியை எல்லா வயலுக்கும் எடுத்துப் போகலாம். போர் வண்டிக்கு முன்பணம் கொடுக்கும் முன் ஒரு மாசம் இதை வைத்துப் பார்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடுவோம். வாசலில் கட்டக் குலையோடு இரண்டு வாழையை இப்போதே பார்த்து அடையாளம் கட்டி வைத்திருக்கிறேன். தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
சின்னமனூர் மாப்பிள்ளை