திங்கட்கிழமைச் சிறு வீதிகள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் துர் து பிரான்ஸ் சைக்கிள் ஓட்டம் பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். 1903இல் அது தொடங்கிய கதையிலிருந்து மஞ்சள் மேற்சட்டை வரை நன்றாகவே எழுதியிருந்தீர்கள். ஆனால் வீரர்கள் அல்லாத எங்களுக்குப் பாரிஸ் நகரத்துச் சைக்கிள் பாதைகளே போதும் என்று கடைசிப் பந்தியில் முடித்திருந்தீர்கள். போதாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் பாரிசின் புறநகரான லா கூர்னெவில் இருக்கிறேன். உணவகக் குசினியில் வேலை, திங்கட்கிழமை மட்டும் லீவு. மூன்று வருடத்துக்கு முன் முழங்கால் நோவுக்கு வைத்தியர் சைக்கிள் ஓடச் சொன்னார். கொஞ்ச நாள் கால்வாய்க் கரையோடு ஓடினேன். பிறகு ஒரு நாள் வேலைத்தலத்தில் பாத்திரம் கழுவும் பிரெஞ்சுப் பெரியவர், "உன்னிடம் நவிகோ அட்டை இருக்கிறதுதானே, நெமூருக்குப் போ" என்றார். எனக்கு அது மூளையில் ஏறவே இல்லை. நவிகோ என்றால் பாரிஸ் பகுதி ரயில், பஸ்களுக்கான பயண அட்டை. 2015இலிருந்து மாத நவிகோ எல்லா வலயங்களுக்கும் ஒரே விலை. நான் அதைக் காட்டி வேலைக்கும், பாரிசில் தமிழ்க் கடைகள் இருக்கும் லாச்சப்பலுக்கும் மட்டுமே போய்வந்திருக்கிறேன். பாரிசின் கார் து லியோன் நிலையத்தில் 'ஆர்' வழி ரயில் ஏறினால் ஒரு மணித்தியால அளவில் தெற்கே நெமூர் என்ற சிறு நகரம். வேலை நாட்களில் காலை 6.30 முதல் 9.30 வரையும் மாலை 4.30 முதல் 7.30 வரையும் தவிர்த்தால், சைக்கிளையும் காசில்லாமல் ஏற்றலாம்.

நெமூரில் இறங்கி மேற்கே திரும்பினால் காடு, பெரிய பாறைகள், ஓர் ஏற்றம். காடு முடிந்ததும் லார்ஷான் என்ற ஊரின் கிறிஸ்தவக் கோவிலின் பாதி இடிந்த கோபுரம் தெரியும். சித்தம் கலங்கியவர்களை ஒரு காலத்தில் தூர ஊர்களிலிருந்தும் அங்கே யாத்திரையாகக் கூட்டி வந்திருக்கிறார்கள். அங்கிருந்து தெற்கே ஷத்தோ லாந்தோன் என்ற ஊர் வரை முழுக்க வயல்வெளி. கோதுமை, பீற், ஏப்ரலில் மஞ்சளாகப் பூக்கும் எண்ணெய்க் கடுகு. நடுக்கோடு கூடப் போடாத வீதிகள். முதல் நாள் ஒரு மணித்தியாலத்தில் நான் கண்ட வாகனங்கள் நான்கு: இரண்டு கார், தபால்காரரின் மஞ்சள் வான், ஓர் உழவு இயந்திரம். மற்றபடி கேட்டது வானம்பாடியின் சத்தமும் என் சங்கிலியின் சத்தமும்தான்.

அந்த இரண்டு காரில் முதலாவது பின்னால் வந்தபோது, பழக்கத்தில் நான் புல்லுக்குள் இறங்கிவிட்டேன். ஓட்டி வந்த அம்மா காரை நிறுத்தி, விழுந்துவிட்டீர்களா என்று கேட்டார். நான் வழி விட்டதாக அவருக்குத் தோன்றவே இல்லை. ஊருக்கு வெளியே சைக்கிளை முந்துகிறவர் ஒன்றரை மீற்றர் இடைவெளி விடவேண்டும் என்பது இங்கே சட்டம். இடம் போதாவிட்டால் பின்னால் காத்து நிற்கிறார்கள், ஹோர்ன் அடிப்பதில்லை. எல்லோரும் அப்படி என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தச் சிறு வீதிகளில் பெரும்பாலானவர்கள் அப்படித்தான்.

ஆசிரியர் அவர்களே, நாங்கள் சைக்கிள் தெரியாத சனமா? பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாத யாழ்ப்பாணத்தையே சைக்கிள்தான் சுமந்தது. விறகு, அரிசி மூட்டை, ஆஸ்பத்திரிக்குப் போகும் நோயாளி எல்லாமே அதில்தான். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் எங்கள் வீட்டுச் சாமான் முழுவதும் ஐயாவின் றலி சைக்கிளில் தொங்கியது. அம்மம்மா பின்கரியலில் இருந்தார். நான் பின்னால் நின்று தள்ளிக்கொண்டு நடந்தேன். லார்ஷானைத் தாண்டிய அந்த வெளியில்தான், ஒரு சுமையும் இல்லாமல், யாரையும் ஏற்றாமல், எங்கும் போய்ச் சேரவேண்டிய அவசரமில்லாமல் என் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சைக்கிள் ஓடுகிறேன் என்று விளங்கியது. ஓரமாக நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்தேன்.

இந்த அமைதி எப்படி வந்தது என்று பிறகு தேடிப் படித்தேன். பிரான்சில் ஏறக்குறைய 35,000 கொம்யூன்கள், அதாவது உள்ளூராட்சிகள். ஒவ்வொன்றும் தன் சிறு வீதிகளைத் தானே பராமரிக்கிறது. அவை மட்டும் சுமார் ஏழு இலட்சம் கிலோமீற்றர். 'டி' இலக்கமிட்ட மாவட்ட வீதிகள் இன்னொரு 3,80,000 கிலோமீற்றர் அளவில். தூரம் போகும் வாகனங்களை அதிவேகப் பாதைகள் இழுத்துக்கொண்டன, கிராமத்துச் சனத்தை நகரங்கள் இழுத்துக்கொண்டன. தார் போட்ட வீதி மிஞ்சியது. ஆகவே அந்த அமைதிக்கு ஒரு விலை இருக்கிறது. மூடிய பள்ளிக்கூடம், கதவு சாத்திய தேநீர்க்கடை, வெதுப்பகம் இருந்த இடத்தில் பாண் விற்கும் இயந்திரம். 2023 இறுதியில் தார்ன் மாவட்டத்து இளம் விவசாயிகள் தங்கள் நிலைமையைக் காட்ட ஊர்ப் பெயர்ப் பலகைகளைத் தலைகீழாக மாட்டத் தொடங்கினார்கள், அது நாடெங்கும் பரவியது. அழகைப் பார்க்கப் போகிற நாங்கள் இதையும் தெரிந்துகொண்டு போகவேண்டும் என்றே நினைக்கிறேன். திறந்திருக்கும் கடையில் ஒரு கோப்பியாவது குடிக்கலாம்.

திங்கட்கிழமைகளில் அதுவும் கஷ்டம். வார இறுதியில் திறக்கிற கிராமத்துக் கடைகள் பல அன்றைக்குத்தான் பூட்டு. முதல் நாள் பசியோடும் வெறும் போத்தலோடும் ஓடினேன். தண்ணீருக்கு வழி சொன்னவர் எதிரே வந்த வயதான சைக்கிள்காரர். எந்த ஊரிலும் சேமக்காலைக்கு, கல்லறைகள் இருக்கும் இடத்துக்குப் போ, பூக்களுக்கு ஊற்றக் குழாய் இருக்கும் என்றார். இங்கே சைக்கிள் ஓடுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயமாம். எனக்கோ கால் எழவில்லை. செத்தவீட்டுக்குப் போய் வந்தாலே தலை முழுகாமல் வீட்டுக்குள் விடமாட்டார்கள், அங்கே போய்த் தண்ணீர் குடிப்பதா? தாகம் வென்றது. குடிக்க உதவாது என்ற பலகை குழாயில் இல்லை என்று பார்த்துவிட்டுப் பிடித்தேன். இப்போது உள்ளே போகும்போது தலையைக் குனிந்து ஒரு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் எடுக்கிறேன்.

இன்னொன்று. அநேகமாக எல்லா ஊரிலும் 1914–1918 போரில் செத்தவர்களின் பெயர் பொறித்த ஒரு கல் நிற்கும். இருபது வீடு தெரியும் ஊரில் பதினைந்து பெயர். ஒரே குடும்பப் பெயர் மூன்று தடவை. அண்ணன் தம்பிகளாக இருந்திருக்கவேண்டும். நான் இறங்காமல் அதைக் கடப்பதில்லை. பெயர்களை வாய்விட்டு வாசிப்பேன். நூறு வருடத்துக்குப் பிறகும் கல்லைத் துப்புரவாக வைத்து, நவம்பரில் மலர்வளையம் வைக்கிறார்கள். எங்கள் ஊர்களை நினைக்காமல் அங்கே நிற்க முடியாது. அதற்கு மேல் இங்கே எழுதவும் முடியவில்லை.

ஷத்தோ லாந்தோனிலிருந்து இறங்கினால் சூப் என்ற ஊரின் ரயில் நிலையம். மொத்தம் 35 கிலோமீற்றர் அளவில்தான், என் முழங்காலுக்கே அது தாங்குகிறது. லாச்சப்பலுக்கு வருகிறவர்கள் பக்கத்துக் குன்றில் பார்க்கிற வெள்ளைக் கோவில் சக்ரே கேர், இந்தச் சூப், ஷத்தோ லாந்தோன் பக்கத்துக் கல்லில் கட்டியது. மழை பட்டால் தானே வெளுக்கிற கல்.

போக விரும்புகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். 'டி' என்று இருந்தால் எல்லாம் அமைதி அல்ல. 'டி 607' பழைய 'என் 7' பெருவீதி, அதில் லொறிகள் பறக்கும். கைத்தொலைபேசி காட்டும் வழி சில வேளை அதில்தான் கொண்டுபோய் விடும். மிஷலின் கடதாசி வரைபடத்தில் சிவப்பை விட்டுவிட்டு வெள்ளைக் கோட்டு வீதிகளையும் மெல்லிய மஞ்சளையும் பிடியுங்கள். பச்சை விளிம்பு போட்டிருந்தால் பார்க்க அழகான வீதி என்று அர்த்தம். கோடையில் புதுக் கிறவல் கொட்டிய எச்சரிக்கைப் பலகை கண்டால் மெதுவாகப் போங்கள். நான் ஒருமுறை சறுக்கி முழங்கையை உரசிக்கொண்டேன்.

நீங்கள் வீரர்களைப் பற்றி எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு மாதம் ஒரு முறை, நவிகோவில் போய்வரக்கூடிய இப்படி ஒரு சிறு வழியை ஒரு பத்தி போடுங்கள். எனக்குத் தெரிந்த மூன்று வழிகளை எழுதி அனுப்பத் தயாராக இருக்கிறேன். முப்பது வருடம் இங்கே இருந்தும் கோதுமை வயலைப் பக்கத்தில் பார்க்காத எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். என் மனைவி போன மாதம்தான் முதல் தடவை வந்தார். அடுத்த திங்களுக்கு அவருடைய தங்கச்சியும் வருகிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
லா கூர்னெவ்.

பி.கு.: திங்களில் போகிறவர்கள் பாணைக் கார் து லியோனிலேயே வாங்கிக்கொண்டு ஏறவும்.