மீன்தொட்டிக்கு மர மூடி செய்த ஆண்டு: 2024 செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பொருளாளர் அவர்களுக்கும் இன்று நேரமெடுத்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். மட்டக்களப்பில் வண்ணமீன் வளர்க்கும் நம் சங்கத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கையைச் சபை முன் வைக்கிறேன்.

மாதாந்தக் கூட்டங்கள் ஒன்பது நடந்தன. நவம்பர் கடைசி மழையிலும் வெள்ளத்திலும் ஒரு கூட்டத்தைக் கைவிட்டோம். மற்ற இரண்டும் ஆள் போதாமல் நடக்கவில்லை. கப்பிக் குஞ்சுப் பரிமாற்றம் இரண்டு தடவை நடந்தது. கல்லடியில் ஓர் உறுப்பினர் வீட்டுத் தொட்டிகளைப் பார்த்து வந்தோம். புத்தாண்டு ஒன்றுகூடல் வழக்கம்போல் நடந்தது.

இனி விளக்கு மூடி விடயம், அதாவது சங்கத் தொட்டிக்கு உள்ளே விளக்கு வைத்து நாம் செய்த மர மூடி. இதைப் பற்றி வெளியில் பேசப்படுவதில் பாதி சரியில்லை. ஆகவே முழுவதையும் சொல்லிவிடுகிறேன்.

வெளிநாடு போன உறுப்பினர் ஒருவர் தன் 4 அடித் தொட்டியைச் சங்கத்துக்குத் தந்துவிட்டுப் போனார். 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். நிரப்பினால் ஏறக்குறைய 250 லீற்றர். அதற்கு மூடி இருக்கவில்லை. மேலே ஒரு மின்குமிழைத் தொங்கவிட்டோம். வெளிச்சம் மீனில் விழுந்ததைவிடப் பார்ப்பவர் கண்ணில்தான் அதிகம் விழுந்தது. இரவில் பல்லி விழுந்து கிடந்தது. சுவோர்ட் டெயில் துள்ளுகிற மீன்; ஒரே மாதத்தில் மூன்றைத் தரையில் காய்ந்த நிலையில் எடுத்தேன். சங்கத்தின் மீன் அப்படிச் சாவதைப் பார்த்துக்கொண்டு இருக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆயத்தமாக விற்கும் மூடியைக் கொழும்பிலிருந்து எடுப்பிக்கும் செலவைக் கேட்டபின், நாமே செய்வோம் என்று பெப்ரவரிக் கூட்டத்தில் தீர்மானித்தோம். தீர்மானத்துக்குக் கை தூக்கியவர்கள் பதினான்கு பேர். அடுத்த ஞாயிறு என் வீட்டு விறாந்தையில் வேலைக்கு வந்தவர்கள் மூன்று பேர். அதற்கடுத்த ஞாயிறு ஒருவர்.

முதிரைப் பலகை போடலாம் என்றார்கள் சிலர். உறுதியானதுதான், ஆனால் மீனுக்குத் தீனி போட ஒவ்வொரு நாளும் திறக்கும் மூடிக்கு அது மிகப் பாரம். மரக்காலையில் லுணுமிதெல்ல என்ற பாரம் குறைந்த மரத்தைக் கேட்டு, முக்கால் அங்குலப் பலகை வாங்கினேன். பூச்சிக்கு மருந்து ஏற்றிய பலகை வேண்டாம் என்று சொல்லித்தான் வாங்கினேன். அந்த மருந்தில் செம்பு இருக்கலாம். செம்பு சிறிதளவு தண்ணீரில் கலந்தாலே மீனுக்குக் கேடு, இறாலுக்கு அதைவிடக் கேடு.

மூடிக்கு அடித்த முதல் பெட்டி பிழையாகிவிட்டது. பிழை என்னுடையது. தொட்டி 48 அங்குலம், பெட்டியும் வெளியளவில் 48 அங்குலம் என்று அறுத்துவிட்டேன். இரண்டு பக்கப் பலகையும் போக உள்ளே மிஞ்சியது 46½ அங்குலம். விளக்குக்கு நினைத்திருந்தது 4 அடி டியூப் லைட். அப்படி விற்பது 1200 மில்லிமீற்றர், அதாவது 47¼ அங்குலம். உள்ளே போகவே இல்லை. பெட்டியும் கண்ணாடி விளிம்பின் மேல் பிடிப்பில்லாமல் வழுக்கியது.

ஆகவே இரண்டாம் தடவை பலகை வாங்கினேன். "செயலாளர் இரண்டு மூடிக்குக் காசு எடுத்தார்" என்ற பேச்சு இங்கிருந்துதான் புறப்பட்டது. முதல் பலகைகளில் ஒரு துண்டுகூட வீணாகவில்லை. அவற்றைக் குறுக்கி, ஏறாவூர் உறுப்பினர் ஒருவரின் 3 அடித் தொட்டிக்கு மூடி செய்தோம். பலகைக் காசை அவர் சங்கத்துக்குக் கட்டிவிட்டார். பற்றுச்சீட்டு பொருளாளரிடம் இருக்கிறது. கூலியென்று நான் ஐந்து சதமும் எடுக்கவில்லை.

புதிய பெட்டியின் உள்ளளவு 48¼ அங்குலம். உள்ளே சுற்றிவர ஒரு சட்டம் அடித்து, அதைக் கண்ணாடி விளிம்பில் இருத்தினோம். பெட்டி ஓர் அங்குலம் கீழே இறங்கி நிற்பதால் தண்ணீர் மட்டக் கோடும் மறைந்துவிட்டது. டியூப் எண்ணத்தையும் விட்டோம். தண்ணீருக்கு மேலே 230 வோல்ட் எதற்கு? 12 வோல்ட் எல்.ஈ.டி பட்டி மூன்று விளக்குக்கு ஒரு தடவை வெட்டக்கூடியது, எந்த நீளத்துக்கும் பொருந்தும். அதை அலுமினியத் தகட்டில் ஒட்டினோம், சூடு தகட்டுக்கு இறங்கட்டும் என்று. அடைப்டர் தொட்டிக்கு வெளியே சுவரில் இருக்கிறது. வயர் சொக்கெட்டுக்குக் கீழே ஒரு வளைவு தொங்கிவிட்டுத்தான் மேலேறுகிறது. வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். வீட்டில் இப்படிச் செய்பவர்கள் இதை மறக்க வேண்டாம். மின் ஒழுகினால் தானே நிறுத்திவிடும் ட்ரிப் சுவிச் இல்லாத வீடென்றால் முதலில் அதைப் போடுங்கள்.

பின்பக்கத்தை இரண்டு அங்குலம் திறந்து விட்டிருக்கிறோம். நம்மூர் வெயிலில் தொட்டித் தண்ணீர் 30 பாகையைத் தாண்டும். சூடேற ஏறத் தண்ணீரில் ஒட்சிசன் குறையும், மூடியும் அடைத்துக்கொண்டால் மீன் மேலே வந்து வாய் பிளக்கும். பிணைச்சல் பித்தளையில் போட்டோம். கடற்காற்றில் இரும்புப் பிணைச்சல் எவ்வளவு நாளைக்கு?

உட்பக்கத்துக்கு வெள்ளைப் பெயின்ட், வெளிச்சம் கீழே திரும்புவதற்காக. பூசிய பின் வாடை முற்றாகப் போகும்வரை இரண்டு கிழமை தொட்டியில் வைக்கவில்லை. அப்படியிருந்தும் நவம்பர் மழையில் முன்பலகை ஊதி இறுகிவிட்டது. பலகையின் அறுத்த முனைகளில் பெயின்ட் படாமல் விட்டிருந்தோம், ஈரம் அதன் வழியாக ஏறியிருக்கிறது. ஓடாவியார் ஒருவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. சீவுளியால் கொஞ்சம் சீவி, முனைகளுக்கு இரண்டு பூச்சுக் கொடுத்தோம். இப்போது ஒரு கையால் திறக்கலாம்.

தொடக்கத்தில் விளக்கு காலையிலிருந்து இரவுவரை எரிந்து, கண்ணாடி முழுக்கப் பாசி. டைமர் போட்டு 8 மணித்தியாலமாக்கிய பின் குறைந்தது. நம் நாட்டுக்கே உரிய கிரிப்டோகோரைன் வெண்டி என்ற நீர்ச்செடி இப்போது புது இலை விடுகிறது. மூடி வைத்த நாளிலிருந்து ஒரு மீனும் வெளியே விழவில்லை.

கணக்கு விபரம் பொருளாளர் தருவார். வரவும் செலவும் ஏறத்தாழச் சரிக்குச் சரி, கையில் சிறு தொகை மிச்சம். சந்தா மட்டும் ஒழுங்காக வந்திருந்தால் நிலைமை வேறு. 41 உறுப்பினரில் ஆண்டு முழுவதும் கட்டியவர்கள் 17 பேர். மீன்குஞ்சுப் பரிமாற்ற நாளில் எல்லோரும் வருகிறோம், சந்தாப் புத்தகம் திறக்கும்போது பாதிப் பேரைக் காணவில்லை. மனவருத்தத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

இடம் தந்தவர்களுக்கும், வாள் இரவல் தந்தவருக்கும், இரண்டு ஞாயிறும் தவறாமல் வந்த காத்தான்குடித் தம்பிக்கும் நன்றி.

வரும் ஆண்டில் விரும்பும் உறுப்பினர்களுக்கு 2 அடித் தொட்டி மூடி செய்யலாம் என்று நினைக்கிறேன். அளவும் பிழையும் இப்போது கைவசம் இருக்கின்றன. பலகையை வைகாசி, ஆனியில் வாங்கி நிழலில் உலரவிட்டால்தான் மழைக்கு முன் வேலை முடியும். அதற்குக் கையில் காசு வேண்டும், ஞாயிறுகளில் நாலு பேராவது வேண்டும். இவை இரண்டும் கிடைக்குமென்றால் செயலாளர் பொறுப்பை இன்னும் ஓர் ஆண்டு சுமக்க எனக்குத் தயக்கமில்லை. இல்லையென்றால் சபை வேறொருவரைத் தெரிவு செய்யட்டும், அளவுகள் எழுதிய கொப்பியை அவரிடம் கொடுத்துவிடுகிறேன்.

கூட்டம் முடிந்ததும் தொட்டியைப் பார்த்துவிட்டுப் போங்கள். முன்பலகையை நடுவில் பிடித்துத் தூக்க வேண்டும். சந்தாப் புத்தகம் பக்கத்து மேசையில் இருக்கிறது.